ஒரு டிகிரி தப்பினால் தப்பில்லை

மதுரையில் என் வீட்டு மொட்டை மாடியில், 150 மடங்கு பெருக்கத்தில் வியாழனைப் பிடித்து, கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸின் நடுவில் நிறுத்திவிட்டுக் கையை எடுத்தால், முக்கால் நிமிடத்தில் அது ஓரத்துக்குப் போய் மறைந்துவிடும். ஓடுவது வியாழன் அல்ல, நாம்தான். பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. முழு நிலா தன் அகலத்தை இரண்டே நிமிடத்தில் கடக்கிற வேகம் அது. வெறும் கண்ணுக்கு இந்த வேகம் உறைக்காது. டெலஸ்கோப்போ கிரகத்தோடு சேர்த்து அதன் ஓட்டத்தையும் 150 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது.

எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்குக் காட்டலாம் என்று கூப்பிடுவேன். அவர் படியேறி வந்து, மூச்சு வாங்கி, கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து, குனிந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் தெரியலையே தாயி" என்பார். அவர் சொல்வது சரிதான். அந்த நேரத்தில் அங்கே ஒன்றும் இருக்காது.

இதற்கு மருந்து, டெலஸ்கோப்பைத் தாங்கும் மவுண்ட்டை வானத்தின் சுழற்சிக்கு ஒத்துப்போகும்படி திருப்பி வைப்பது. கையேடுகளில் இந்தப் பகுதியைப் படித்தாலே பலருக்கு ஆர்வம் வற்றிவிடுகிறது. துருவ நட்சத்திரத்தைத் தேடு, சின்னக் குழாய் வழியாகப் பார், குறிக்குள் கொண்டுவா, திருகு, மறுபடி பார் என்று பக்கம் பக்கமாகப் போகும். கிரகம் பார்க்க மட்டும் நினைக்கிறவர்களுக்கு இவ்வளவும் வேண்டியதில்லை. ஐந்து நிமிட வேலை போதும். அது ஏன் போதும், நம் ஊரில் அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

எவ்வளவு துல்லியம் வேண்டும்?

எனக்கு வேலை நில அளவை. தியோடலைட்டும் டோட்டல் ஸ்டேஷனும்தான் பிழைப்பு. இந்தத் தொழிலில் சேர்ந்தவுடன் மனசில் பதிகிற பாடம் ஒன்று உண்டு. அளக்கத் தொடங்கும் முன், எவ்வளவு பிழையைத் தாங்கலாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஊருக்குள் இரண்டு வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பும்போது இரண்டு சென்டிமீட்டருக்குக்கூட அடிதடி நடக்கும். புறம்போக்குக் கரட்டில் அதே இரண்டு சென்டிமீட்டரைத் துரத்திக்கொண்டு நிற்பவர் பொழுதை வீணாக்குகிறார்.

டெலஸ்கோப்புக்கும் அதே கேள்விதான். மங்கலான ஒரு நெபுலாவைப் படமெடுக்கிறவர் கேமராவைப் பல நிமிடம் திறந்து வைத்திருக்க வேண்டும். அவ்வளவு நேரமும் நட்சத்திரங்கள் புள்ளியாகவே நிற்க வேண்டும். அவருக்கு ஒரு டிகிரியில் சிறு பங்கு தவறினாலும் படம் கெடும். கையேடுகளில் பல அவரை மனதில் வைத்தே எழுதப்பட்டவை. கிரகம் பார்க்கிற நமக்குத் தேவை, ஐபீஸை விட்டுக் கிரகம் வெளியே போகாமல் பத்து நிமிடம் இருப்பது. அவ்வளவே.

ராட்டினமும் அச்சும்

பூமியின் அச்சை நீட்டினால் அது வடக்கு வானில் ஒரு புள்ளியைத் தொடும். வானம் முழுவதும் அந்தப் புள்ளியைச் சுற்றுவதுபோலத் தெரிகிறது. அந்தப் புள்ளி அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதை நாம் நிற்கும் ஊரின் அட்சரேகை முடிவு செய்கிறது. லண்டனில் 51.5 டிகிரி, சென்னையில் 13, மதுரையில் 10, கன்னியாகுமரியில் 8. அதாவது நம் ஊரில் வானத்தின் அச்சு ஏறக்குறையப் படுத்தே கிடக்கிறது. தமுக்கம் மைதானத்துப் பொருட்காட்சி ராட்டினத்துக்குப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படித்தான் நமக்கு வானம். கிழக்கே நட்சத்திரங்கள் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக ஏறுகின்றன, தலைக்கு மேலே வந்து, மேற்கே நெட்டுக்குத்தாக இறங்குகின்றன.

ஈக்வடோரியல் மவுண்ட் என்பது இந்த அச்சுக்கு இணையாக ஓர் அச்சை வைத்துக்கொண்ட தாங்கி. அந்த ஒரே அச்சை ஒரு சின்ன மோட்டார் 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் சுழற்றினால், டெலஸ்கோப் வானத்தோடு சேர்ந்தே நகரும். மேலே கீழே திருக வேண்டியதில்லை. இன்று கடையில் கிடைக்கும் மவுண்ட்களுக்கு மூதாதை, ஜெர்மனியின் யோசெப் ஃபிரான்ஹோஃபர் டோர்பாட் வானாய்வகத்துக்காக 1824இல் செய்து முடித்த பெரிய தொலைநோக்கி. அன்று மோட்டார் கிடையாது. கடிகார இயந்திரம் அதைச் சுழற்றியது.

இனி கணக்கு. நம் மவுண்ட்டின் அச்சு உண்மையான துருவத்திலிருந்து ஒரு டிகிரி விலகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது கிரகம் ஐபீஸில் நழுவும் வேகம், மிக மோசமான நிலையிலும், நிமிடத்துக்கு 16 கோண விநாடிதான். ஒரு டிகிரியில் 3,600 கோண விநாடிகள். என்னிடம் இருப்பது 150 மி.மீ. கண்ணாடியும் 750 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட நியூட்டோனியன். அதில் 5 மி.மீ. ஐபீஸ் போட்டால் 150 மடங்கு, தெரியும் வானத்தின் அகலம் ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு. நடுவிலிருந்து ஓரத்துக்கு 600 கோண விநாடிகள். 600ஐ 16ஆல் வகுத்தால் ஏறக்குறைய 38 நிமிடம்!

மூன்று டிகிரி தவறினால் 12 நிமிடத்துக்கு மேல் நிற்கும். ஐந்து டிகிரி தவறினாலும் ஏழெட்டு நிமிடம் நிற்கும். மோட்டார் இல்லாதபோது கிடைத்த முக்கால் நிமிடத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பெரியம்மா மட்டுமல்ல, அவர் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளும் ஒரு சுற்றுப் பார்த்து முடிக்கலாம்.

கிரகத்தைப் படமெடுக்கிறவர்களுக்கும் இதே நிலைதான். அவர்கள் எடுப்பது வீடியோ. ஒவ்வொரு சட்டமும் விநாடியில் சிறு பங்கு. வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவதால் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் நீட்டினால் அதன் பட்டைகளே இடம் மாறித் தெளிவு குறையும். அந்த நேரத்துக்குள் நடக்கும் சிறு நழுவலை மென்பொருள் சரிசெய்துகொள்ளும்.

துருவ நட்சத்திரம் எங்கே?

அம்மி மிதித்து அருந்ததி பார்க்கிற கல்யாணங்களில் துருவ நட்சத்திரத்தையும் காட்டச் சொல்வார்கள். முகூர்த்தம் பகலில் என்பதால் யாரும் தேடுவதில்லை. இரவில் தேடினாலும் நம் நகரங்களில் கிடைப்பது கஷ்டம். 10 டிகிரி உயரம் என்றால் என்ன என்பதை அளவைக்காரியாகச் சொல்கிறேன். வடக்கே 17 மீட்டர் தள்ளி, உங்கள் கண் மட்டத்துக்கு மூன்று மீட்டர் மேலே எழும் ஒரு தண்ணீர்த் தொட்டி போதும், துருவம் மறைந்துவிடும். தொட்டி இல்லையென்றாலும், அவ்வளவு தாழ்வாக இருப்பதன் ஒளி, தலைக்கு மேலே இருப்பதைவிட ஐந்து மடங்குக்கும் மேலான காற்றைத் துளைத்து வர வேண்டும். தூசியும் புகையும் தெருவிளக்கின் மங்கலும் சேர்ந்தால் அந்த நடுத்தர நட்சத்திரம் கரைந்தே போகும்.

தாழ்ந்த அட்சரேகையின் சிக்கல் பெரிய வானாய்வகங்களுக்கும் உண்டு. ஜவ்வாது மலையில் காவலூர் இருப்பது 12.5 டிகிரியில். அங்கே 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியைப் பார்த்தவர்கள், அதைத் தாங்கும் குதிரை லாட வடிவச் சட்டத்தை மறக்க மாட்டார்கள். படுத்துக் கிடக்கும் அச்சுக்கு இரண்டு முனையிலும் தாங்கல் கொடுத்து, வடக்குத் துருவப் பகுதியையும் எட்டிப் பார்க்கும்படி செய்த அமைப்பு அது. நாம் கடையில் வாங்கும் மவுண்ட் உலகம் முழுவதற்கும் பொதுவாகச் செய்யப்பட்டது. நம் ஊருக்காக அதைக் கொஞ்சம் வளைத்துக்கொள்ள வேண்டும்.

சூரியனே காட்டும் வடக்கு

இரவில் கிடைக்காத வடக்கைப் பகலில் எடுத்துக்கொள்ளலாம். சூரியன் தன் பாதையின் உச்சியைத் தொடும் அந்தக் கணத்தில், செங்குத்தாகத் தொங்கும் எந்தப் பொருளின் நிழலும் மிகச் சரியாக வடக்கு தெற்காகவே விழும். உச்சி என்பது கடிகாரத்தின் 12 மணி அல்ல. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, மதுரை இருப்பது 78க்குச் சற்றுக் கிழக்கே. அதனால் இங்கே உச்சி வருவது சராசரியாக 12.17க்கு. பூமியின் பாதை நீள்வட்டமாக இருப்பதாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் அதுவும் மாறும். பிப்ரவரி நடுவில் 12.30ஐத் தாண்டும். நவம்பர் தொடக்கத்தில் 12 மணியை ஒட்டி வந்துவிடும்.

இதையெல்லாம் நினைவில் வைக்க வேண்டாம். அன்றைய சூரிய உதயத்தையும் அஸ்தமனத்தையும் உங்கள் ஊருக்குப் பார்த்து, இரண்டுக்கும் நடு நேரத்தை எடுங்கள். பொங்கலை ஒட்டி மதுரையில் உதயம் காலை 6.38, அஸ்தமனம் மாலை 6.14. நடு நேரம் 12.26. அவ்வளவுதான்.

கொத்தனாரிடம் இருக்கும் தூக்குக்குண்டு ஒன்று, ஒன்றரை மீட்டர் நூல், அதைத் தொங்கவிட ஒரு கம்பு. காற்றில் குண்டு ஆடினால் ஒரு வாளித் தண்ணீரில் முங்கவிடுங்கள், அடங்கிவிடும். டிசம்பர், ஜனவரியில் ஒன்றரை மீட்டர் நூலுக்கு ஒரு மீட்டர் நிழல் கிடைக்கும். குறித்த நிமிடத்தில் நிழலின் மேல் இரண்டு இடத்தில் பென்சிலால் புள்ளி வையுங்கள். பிறகு சேர்த்துக் கோடு போட்டு, நல்ல பெயின்ட்டில் நீட்டிவிடுங்கள். ஒரு நிமிடம் முன்னே பின்னே ஆனால் ஜனவரியில் அரை டிகிரி தவறும். அது நம் கணக்குக்குள் அடங்கிய பிழைதான். சூரியனை நிமிர்ந்து பார்க்கவே கூடாது. டெலஸ்கோப்பை அந்த நேரத்தில் மாடிக்கே கொண்டுவர வேண்டாம்.

கோடு போட மாதம் பார்த்துக்கொள்வது நல்லது. சித்திரை பிறக்கிற வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் மதுரையில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து 'நிழலில்லா நாள்' காட்டுவார்களே, அந்த நாட்கள். அப்போது கோடு போட நிழல் ஏது? இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும், நிழல் தெற்கே விழும். கோடு என்னவோ அதே கோடுதான், ஆனால் எந்த முனை வடக்கு என்பதில் கவனம் வேண்டும்.

கடிகாரமே வேண்டாம் என்றால் ஸ்தபதிகளின் முறை இருக்கிறது. சமதரையில் ஒரு கம்பு நட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்திலும், மாலையில் மறுபடி தொடும் இடத்திலும் குறி. இரண்டு குறியையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு. அந்தக் கம்புக்குச் சங்கு என்று பெயர். மயமதம் போன்ற சிற்ப நூல்களில் கோயிலுக்குத் திசை குறிக்க இந்த முறைதான் சொல்லப்பட்டிருக்கிறது. எங்கள் தொழிலுக்கு மூத்தவர்கள் அவர்கள்.

செல்போனில் இருக்கும் திசைகாட்டி போதாதா என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிதான் என்பதால் கொள்கையளவில் போதும். மொட்டை மாடியில்தான் வம்பு. காலுக்கடியில் கான்கிரீட்டுக்குள் கம்பி, பக்கத்தில் தொட்டியின் இரும்புத் தாங்கி, மவுண்ட்டிலேயே எஃகு. போனை அங்கிட்டும் இங்கிட்டும் நகர்த்திப் பாருங்கள், வடக்கு பல டிகிரி ஆடும். திறந்த மைதானத்தில், மவுண்ட்டிலிருந்து நாலடி தள்ளி நின்று பார்த்தால் நம்பலாம்.

முக்காலியின் மூன்று புள்ளிகள்

வடக்கு கிடைத்துவிட்டது, மவுண்ட்டின் அச்சை அந்தக் கோட்டின் வாக்கில் வையுங்கள். அடுத்து அச்சின் உயரம். பல மவுண்ட்களில் அச்சு 10 டிகிரி வரை இறங்காது. என்னுடையது 20இல் முட்டிக்கொள்கிறது. இறக்கினாலும், எடைக்கட்டி மாட்டிய கம்பி கீழே தொங்கும்போது முக்காலியின் வடக்குக் காலில் இடிக்கும். இரண்டுக்கும் ஒரே வைத்தியம், முக்காலியைத் திருப்புவது. தலைப்பகுதி இடம் கொடுத்தால் ஒரு கால் தெற்கே, மற்ற இரண்டு கால்கள் வடகிழக்கிலும் வடமேற்கிலும் வரும்படி வையுங்கள். எடைக்கம்பிக்கு இரண்டு கால்களுக்கு நடுவே வழி கிடைக்கும். பிறகு தெற்குக் காலை மட்டும் நீட்டி, முக்காலியையே வடக்கு நோக்கிச் சாய்த்துவிடலாம். தெற்குக் காலுக்கும் வடக்குக் கால்களை இணைக்கும் கோட்டுக்கும் நடுவே முக்கால் மீட்டர் இருந்தால், 10 டிகிரி சாய்க்க 13 சென்டிமீட்டர் நீட்ட வேண்டும். பாரம் வடக்கே சாயும் என்பதால் அந்தப் பக்கம் இரண்டு கால்கள் நிற்பது நல்லதுதான். ஆனாலும் டெலஸ்கோப்பை ஏற்றும் முன் கையால் அழுத்தி, கவிழாது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

"முக்காலி சாய்ந்திருந்தால் மட்டம் தப்புமே?" என்று என் உடன் வேலை பார்ப்பவர்களே கேட்டிருக்கிறார்கள். தியோடலைட்டுக்கு மட்டம் உயிர். ஈக்வடோரியல் மவுண்ட்டுக்கு அப்படி இல்லை. அச்சு துருவத்தை நோக்குகிறதா என்பது ஒன்றுதான் முக்கியம், கால்கள் எப்படி நின்றால் அதற்கென்ன? மட்டம் சரியாக இருந்தால் மவுண்ட்டின் பக்கத்தில் இருக்கும் அட்சரேகை அளவுகோலை நம்பலாம், அவ்வளவே. நான் அந்த அளவுகோலைப் பார்ப்பதே இல்லை. டெலஸ்கோப் குழாயை அச்சுக்கு இணையாக, வடக்கு நோக்கி நிறுத்திவிட்டு, செல்போனின் மட்டம் பார்க்கும் செயலியைத் திறந்து குழாயின் மேல் நீளவாக்கில் வைக்கிறேன். 10 டிகிரி காட்டுகிறதா, சரி.

இவ்வளவும் முதல் நாள் வேலை. எல்லாம் ஒழுங்காக நின்றதும் மூன்று கால்களும் பதியும் இடத்தில் பெயின்ட்டில் வட்டம் போட்டு, தெற்குக் கால் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதைக் காலிலேயே கோடு கிழித்து வைத்துவிடுங்கள். மறுநாள் முதல் முக்காலியை வட்டத்தில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. இடம் தேர்ந்தெடுக்கும்போது கீழே தூணோ உத்தரமோ வருகிற இடமாகப் பாருங்கள். தளத்தின் நடுவில் வைத்தால் யாராவது நடந்தாலே ஐபீஸில் வியாழன் துள்ளும்.

வானத்துக்கு ஒரு முறை திசை பிடித்து, அதை நகராமல் வைத்துக்கொள்வது பழைய உத்தி. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த மதராஸ் வானாய்வகத்தில் தொலைநோக்கியைத் தாங்க ஒரு பெரிய கருங்கல் தூணையே நட்டார்கள். கட்டடம் போய்விட்டது, தூண் இன்னும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். நமக்குக் கருங்கல் வேண்டாம், கால் லிட்டர் பெயின்ட் போதும்.

இரவின் ஐந்து நிமிடம்

இனி ஒவ்வொரு இரவும் செய்ய வேண்டியது இதுதான்.

பொழுது சாயும்போதே டெலஸ்கோப்பை வெளியே கொண்டுவந்துவிடுங்கள், கண்ணாடி ஆறட்டும். வெளிச்சம் இருக்கும்போதே, குறிபார்க்க உதவும் ஃபைண்டரைச் சரிசெய்யுங்கள். தூரத்து செல்போன் கோபுரத்தின் உச்சியைப் பெரிய குழாயில் நடுவில் கொண்டுவந்து, ஃபைண்டரின் சிவப்புப் புள்ளியும் அதே உச்சியில் நிற்கும்படி திருகுகளைத் திருப்புங்கள். ஃபைண்டர் கோணலாக இருந்தால் மற்றது எல்லாம் ஒழுங்காக இருந்தும் கிரகம் சிக்காது.

முக்காலியை வட்டத்தில் வையுங்கள். குழாயை வடக்கே நிறுத்தி, போனை வைத்து 10 டிகிரியைச் சரிபாருங்கள். பிறகு இரண்டு பூட்டுகளையும் தளர்த்தி, குழாயைக் கிரகத்தை நோக்கித் திருப்புங்கள். சிவப்புப் புள்ளியில் கிரகம் வந்ததும் பூட்டுங்கள். குறைந்த பெருக்கம் தரும் 25 மி.மீ. ஐபீஸில் நடுவுக்குக் கொண்டுவந்து, மோட்டாரை ஓடவிட்டு, பிறகு 5 மி.மீ.க்கு மாறுங்கள்.

இதில் புதிதாக வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று. கிரகம் எட்டவில்லை என்று முக்காலியைத் திருப்பக் கூடாது. அடியிலுள்ள உயரத் திருகையும் பக்கத் திருகையும் தொடவே கூடாது. அவை அச்சை நிறுத்த மட்டும். கிரகத்தைப் பிடிக்க மேலே இருக்கும் இரண்டு அச்சுகளே போதும், வானத்தின் எந்த மூலைக்கும் அவை போகும்.

எவ்வளவு சரியாக வைத்தோம் என்று தெரிந்துகொள்ள ஆசையா? கிரகம் தெற்கிலோ தலைக்கு மேலோ உச்சிக் கோட்டை ஒட்டி இருக்கும்போது நடுவில் நிறுத்தி ஐந்து நிமிடம் கவனியுங்கள். குழாயின் முனையை லேசாக வடக்கே அழுத்தினால் கிரகம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதுதான் ஐபீஸில் தெற்கு. கிரகம் தானாகத் தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே கூடுதலாகத் திரும்பியிருக்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே கூடிவிட்டது. வியாழனின் அகலம் ஏறக்குறைய 45 கோண விநாடி. மூன்று நிமிடத்தில் தன் அகலத்துக்குள் நழுவினால் பிழை ஒரு டிகிரியை ஒட்டி இருக்கிறது என்று அர்த்தம். விட்டுவிட்டுப் பார்க்கத் தொடங்குங்கள்.

கோடு இல்லாத ஊரில்

சொந்த ஊருக்கு டெலஸ்கோப்பைக் கொண்டுபோனால் அங்கே கோடும் இல்லை, வட்டமும் இல்லை. அப்போது கைகொடுப்பது மவுண்ட்டில் டிகிரி போட்டிருக்கும் வளையம். கிழக்கிலோ மேற்கிலோ 30 டிகிரி உயரத்தில் ஒரு பிரகாசமான கிரகத்தையோ நட்சத்திரத்தையோ தேர்ந்தெடுங்கள். அதன் நடுவரை விலக்கம், அதாவது வான நடுக்கோட்டிலிருந்து எத்தனை டிகிரி வடக்கு அல்லது தெற்கு என்பது, எந்த வானச் செயலியிலும் இருக்கும். சிரியஸுக்குத் தெற்கே 16.7, சுவாதிக்கு வடக்கே 19. அச்சின் உயரத்தைப் போன் வைத்துச் சரிசெய்துவிட்டு, வளையத்தில் அந்த எண்ணை வைத்துப் பூட்டிவிடுங்கள். இப்போது மற்ற அச்சை மட்டும் திருப்பி நட்சத்திரத்தின் உயரத்துக்குக் குழாயைக் கொண்டுவாருங்கள். குழாய் அதற்கு வடக்கே கிடந்தாலும் தெற்கே கிடந்தாலும், இந்த ஒரு தடவை முக்காலியையே திருப்பலாம். நட்சத்திரம் நடுவில் விழும்போது அச்சு வடக்கைப் பிடித்துவிட்டது. தலைக்கு மேலே இருக்கும் நட்சத்திரத்தை இதற்கு எடுக்காதீர்கள். மவுண்ட்டை எவ்வளவு திருப்பினாலும் அது நகராது, உங்களுக்கு ஒன்றும் சொல்லாது.

டாப்சோனியனும் கோ-டூவும்

அமெரிக்காவில் நடைபாதையில் நின்று வழிப்போக்கர்களுக்கு வானம் காட்டிய ஜான் டாப்சன் பரப்பிய மவுண்ட், மரப்பெட்டியில் மேலும் கீழும் பக்கமும் திரும்புவது. எங்கள் தியோடலைட்டின் அதே இரண்டு அசைவுகள். அதற்கு அச்சு நிறுத்தும் வேலையே இல்லை. கிரகம் ஓட ஓட லேசாகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கிரகத்தை வருகிற ஓரத்தில் நிறுத்தி, அது தானாக நடுவைக் கடக்கும்போது பார்ப்பது நல்ல பழக்கம். நம் ஊரில் இதற்கு ஒரு தொல்லை, கிரகங்கள் தலைக்கு மேலேயே வந்துவிடும். நேர் உச்சியில் டாப்சோனியனைத் தள்ளுவது கடினம். ஒரு மணி நேரம் முன்னதாகவோ பின்னதாகவோ பார்த்தால் 15 டிகிரி விலகிவிடும்.

கணினி வைத்த கோ-டூ மவுண்ட் என்றால், அதை மட்டமாக வைத்து, நேரத்தையும் இடத்தையும் கொடுக்க வேண்டும். அங்கே மூன்று இடத்தில் கை தவறும். தேதியை அமெரிக்க முறையில் மாதம் முதலில் கேட்கும். நம் நேர மண்டலம் ஐந்தரை, அந்த அரையை விடக்கூடாது. தீர்க்கரேகை கிழக்கு. கிரகம் பார்க்க மட்டும்தான் என்றால் பல நட்சத்திரங்களைக் காட்டிக் கற்பிக்க வேண்டியதில்லை. செலஸ்ட்ரான் கைக்கருவியில் 'சோலார் சிஸ்டம் அலைன்' என்று ஒரு வழி இருக்கிறது. வியாழனை நடுவில் நிறுத்தி, இதுதான் வியாழன் என்று சொன்னால் போதும், அதைத் தொடர்ந்துகொண்டே இருக்கும். நடுவில் நிறுத்தும்போது கடைசி அசைவு எப்போதும் ஒரே திசையிலிருந்து வரட்டும். பற்சக்கரங்களின் தொய்வு அப்போது ஏமாற்றாது.

மிச்சமான நேரம்

அரை மணி நேரத்தை அச்சுக்குச் செலவழிக்காமல் மிச்சம் பிடிப்பது எதற்காக? கிரகம் ஒரு பார்வையில் தன்னைக் காட்டுவதில்லை. காற்று அலைந்துகொண்டே இருக்கும், வட்டம் நடுங்கும். திடீரென்று ஒரு விநாடி காற்று அடங்கும்போது வியாழனின் பட்டைகளில் முடிச்சுகள் தெரியும், சனியின் வளையத்தில் கருப்பு இடைவெளி தெரியும். அந்த விநாடிக்காகக் கண்ணை எடுக்காமல் பத்து நிமிடம் உட்கார வேண்டும். கிரகம் அதுவரை ஐபீஸில் நின்றாக வேண்டும். நான் கேட்பது அதை மட்டுமே.

நமக்கு இன்னொரு கொடுப்பினையும் உண்டு. கிரகம் தனுசு ராசிப் பக்கம் இருக்கும்போது லண்டன்காரர் அதை 15 டிகிரி உயரத்தில், கூரைகளுக்கு நடுவே, கலங்கிய காற்றில் தேடுகிறார். மதுரையில் அது 57 டிகிரியில் நிற்கிறது. துருவ நட்சத்திரத்தை நம்மிடமிருந்து ஒளித்து வைக்கும் அதே தாழ்ந்த அட்சரேகைதான் கிரகங்களை நம் தலைக்கு மேலே கொண்டுவந்து தருகிறது.

2027 பிப்ரவரியில் வியாழனும் செவ்வாயும் ஒன்பதே நாள் இடைவெளியில் சூரியனுக்கு நேர் எதிரே வருகின்றன. இரண்டும் சிம்ம ராசியில், நள்ளிரவில் நம் உச்சிக்கு மிக அருகில் இருக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வானம் தெளிந்திருக்கும் மாதம் அது. அதற்கு முந்தைய டிசம்பரிலோ ஜனவரியிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையல் முடிந்து சாப்பிட உட்காரும் முன், தூக்குக்குண்டையும் பெயின்ட்டையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டு வாருங்கள்.